கபடி கோச் ஆகணுமா? முதலில் ஒரு கார்னரை எடுங்கள்

கல்லூரி அணியில் மூன்று வருடம் கபடி ஆடிய பையன், டிகிரி முடிந்த கையோடு ஊருக்கு வந்து விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது பென்னாகரத்திலிருந்து பர்கூர் வரை எல்லா ஊரிலும் நடக்கிறது. முதல் வாரமே பன்னிரண்டு பேரையும் ஒன்றாகத் திருத்தப் பார்ப்பான். பாடிப் போகும் ரைடருக்கு ஒன்று, டிஃபென்ஸ் வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்கும் கவருக்கு ஒன்று, இரண்டு கடைசியிலும் நிற்கும் கார்னருக்கு ஒன்று என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். மூன்றாவது மாதம் பார்த்தால் கிரவுண்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு, ஐம்பது தண்டால், பிறகு இரண்டு டீம் பிரித்து ஒரு மேட்ச், அவ்வளவுதான் பயிற்சி. வியர்வை வருகிறது, ஆட்டம் மாறுவதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ரொம்ப நாளாகச் செய்கிறார்கள். நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி விழுத்தும் ஆட்டம். பக்கத்துக்கு பதினொரு பேர். கபடிக்காரனுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகும். அங்கே கல்லூரியில் ஆடி முடித்தவன் மறுநாளே தலைமைக் கோச் ஆவதில்லை. முதலில் மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவியாளர் வேலை: வீடியோ வெட்டுவது, எதிரணி ஆட்டத்தை எண்ணி எழுதுவது, கூம்பு வைப்பது. அடுத்து ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் கோச். பந்து பிடிப்பவர்களுக்கு ஒருவர், முன்வரிசையில் முட்டுபவர்களுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆள்.

டாபோ ஸ்வினி என்பவர் போன பாதையைப் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை எதுவும் இல்லாமல் அணிக்குள் நுழைந்தவர். பந்து பிடிக்கும் இடத்தில் ஆடினார், 1992இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார், ஆனால் நட்சத்திரம் கிடையாது. 1993 முதல் 1995 வரை அங்கேயே எம்.பி.ஏ. படித்துக்கொண்டு உதவியாளர். பிறகு பந்து பிடிப்பவர்களுக்குக் கோச். 2000ஆம் ஆண்டு சீசனோடு தலைமைக் கோச் போக, கூடவே இவருக்கும் வேலை போனது. இரண்டு வருடம் போல ரியல் எஸ்டேட் வேலை பார்த்தார். 2003இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், மறுபடியும் அதே பந்து பிடிப்பவர்களுக்குத்தான் கோச். 2008 அக்டோபரில் சீசன் நடுவே தலைமைக் கோச் விலக, இவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 2016, 2018 சீசன்களில் கிளெம்சன் தேசியப் பட்டம் வென்றது. இத்தனைக்கும் அதுவரை முழு அட்டாக்கையோ முழு டிஃபென்ஸையோ நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்ததே இல்லை. ஒரே இடம், ஒரே வகை ஆட்டக்காரர்கள், பத்து வருடத்துக்கு மேல்.

நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்தால் அர்த்தம் இதுதான்: விசிலை ஊரில் இருக்கும் மூத்த மாஸ்டரிடமே விட்டுவிடுங்கள். "மாஸ்டர், எனக்குக் கார்னர் பையன்களை மட்டும் குடுங்க, தினமும் இருபத்தஞ்சு நிமிஷம் போதும்" என்று கேளுங்கள். மாட்டேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஏன் கார்னர்? ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ரைடர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர். அதற்குப் பின்னால் ஒரு மீட்டரில், கூடுதல் பாயிண்டுக்கான போனஸ் லைன். கடைசிக் கோடு 6.5 மீட்டரில். அதாவது போனஸ் லைனுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே 1.75 மீட்டர்தான். கார்னர்காரனின் பிழைப்பு முழுக்க அந்தப் பட்டைக்குள்தான். போனஸ் எடுக்க வருகிறவன், கால்விரலால் தொடும் டோ டச் போடுகிறவன், ஓடிக்கொண்டே கை நீட்டுகிறவன் எல்லோரும் அவன் வாசலுக்குத்தான் வர வேண்டும். கார்னர் இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் நிற்கும் ஐந்து பேர் சுமாராக இருந்தாலும் டிஃபென்ஸ் நிற்கும். தலைகீழாக இருந்தால் நிற்காது.

போனஸ் எடுக்கும் நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால்தான் போனஸ். ரைடர் ஒரு காலைப் போனஸ் லைனைத் தாண்டி ஊன்ற வேண்டும், அப்போது பின்கால் காற்றில் இருக்க வேண்டும். அந்த நொடியில் அவன் உடம்பு எடை மொத்தமும் முன்காலில். அந்தக் காலை அவனால் உடனே இழுக்க முடியாது. முதலில் பின்காலைத் தரையில் ஊன்றியாக வேண்டும். கார்னர்காரனுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். காலை நீட்டும்போதே பாய்ந்தால் ரைடர் மடக்கிக்கொண்டு போய்விடுவான், பாய்ந்தவன் தொட்டதாகி அவுட். பின்கால் தரைக்கு வந்தபிறகு பாய்ந்தாலும் வெறும் காற்றைத்தான் பிடிப்பான். பெரும்பாலான கல்லூரிப் பையன்கள் முதல் வகை. அவசரக்காரர்கள்.

ஆங்கிள் ஹோல்டை, அதாவது கணுக்கால் பிடியை, இப்படிக் கட்டலாம். நிற்கும்போது கால்கள் தோள் அகலம், முழங்கால் மடிந்து, குதிகால் தரையை ஒட்டியும் ஒட்டாமலும். கண் ரைடரின் இடுப்பில் இருக்கட்டும். கையையும் முகத்தையும் வைத்து ரைடர் ஏமாற்றலாம், இடுப்பை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். போகும்போது ஒரு கை குதிகாலுக்குப் பின்னால், இன்னொரு கை புறங்காலுக்கு மேல். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். விரித்து வைத்தால் ரைடர் உதறும் முதல் உதறலில் விரல் மூட்டு நழுவும். கார்னர் ஆட்டக்காரர்களின் வளைந்த கட்டைவிரல்கள் எல்லாம் இப்படி வந்தவை. தலை ரைடரின் காலுக்கு வெளிப்பக்கம், தாடை நெஞ்சோடு ஒட்டி. உள்பக்கம் தலை போனால் மறுகால் முட்டி மூக்கில். பிடித்த காலைத் தரையிலேயே அமுக்கி வைக்கக் கூடாது, நெஞ்சு வரைக்கும் தூக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவன் எவ்வளவு பலசாலியானாலும் நடுக்கோட்டுக்குத் தாவ முடியாது.

கடைசிக் கோட்டுக்கு வெளியே காலை வைத்துக்கொண்டு பிடித்தால் ரைடர் அவுட் இல்லை, பிடித்தவன்தான் அவுட். இதை எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனாலும் பின்வாங்கிப் பின்வாங்கிக் கோட்டின்மேல் போய் நிற்பது பழக்கமாகிவிடுகிறது. கோட்டுக்கு அரை அடி உள்ளே ஒரு பழைய சைக்கிள் டியூபை நீட்டி வைத்துவிடுங்கள். குதிகாலில் டியூப் பட்டால் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

பயிற்சியை மூன்று படியாகக் கொண்டுபோகலாம். முதல் வாரம் ரைடர் சும்மா நின்று காலை நீட்டட்டும், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, எதிர்ப்பு இல்லாமல். இரண்டாவது மூன்றாவது வாரம் ரைடர் மூன்று எட்டு நடந்து வந்து போனஸ் காலை ஊன்றட்டும். எட்டு தடவை வீதம் மூன்று செட். அதன்பிறகுதான் 30 விநாடி முழு ரைடு, கார்னர், அவனுக்கு அடுத்து நிற்கும் இன், அதற்கடுத்த கவர் என்று மூன்று பேரை மட்டும் ஒரு மூலையில் நிறுத்தி. முழு வேகத்தில் மோதும் பிடிகள் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நாற்பதைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தோள்பட்டை பேசும்.

கார்னர் பிடித்தால் மட்டும் போதாது. கவர் ஓர் எட்டில் வந்து இடுப்பை முட்டவில்லையென்றால் நல்ல ரைடர் கார்னரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அதனால் கார்னரைப் பழக்குகிறபோது கவரின் காலையும் பாருங்கள். "ஒழுங்கா பிடிடா" என்பதில் ஒரு விஷயமும் இல்லை. "வெயிட் குதிகால்ல இருக்கு, முன்பாதத்துக்கு வா" என்றால் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியும். நன்றாக ஆடியவர்களுக்கு இதுதான் வராது. உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. கேட்டால் "நான் இப்படித்தான் பண்ணுவேன், பாரு" என்று செய்து காட்டுவார்கள். ஐந்தே முக்கால் அடி ஆள் செய்து காட்டுவதை ஐந்தடி நாலங்குலப் பையன் அப்படியே செய்தால் முட்டிதான் போகும்.

அடுத்து நோட்டு. இது இல்லாமல் கோச் இல்லை என்றே சொல்வேன். ஆண்கள் ஆட்டம் இருபது, இருபது நிமிடம், நடுவே ஐந்து நிமிட இடைவேளை. ஒவ்வொரு ரைடும் முப்பது விநாடி முழுதாகப் போனால் இரண்டு அணிக்கும் சேர்த்து எண்பது ரைடு. எதிரணியின் நாற்பதை ஓர் ஆள் எழுதிவிடலாம். ஒரு ரைடுக்கு ஒரு வரி:

"7. பத்தாம் நம்பர். நம்ம வலப்பக்கம் நுழைவு. போனஸ். ரைட் கார்னர் முந்திப் போனான்."

"8. நாலாம் நம்பர். இடப்பக்கம். காலி ரைடு. 22 விநாடி. யாரும் அசையல."

இப்படி மூன்று மேட்ச் எழுதினால், பத்தாம் நம்பர் ரைடர் ஏழு தடவையில் ஐந்து தடவை வலப்பக்கமே நுழைகிறான் என்பது போன்ற சங்கதிகள் தானாக மேலே வரும். "முதலில் அசைந்தது யார்" என்ற கடைசிக் கட்டம்தான் முக்கியம். பாயிண்ட் யார் கொடுத்தார் என்பதை ஸ்கோர் ஷீட்டே சொல்லும், யார் அவசரப்பட்டதால் கைகோத்து நின்ற செயின் உடைந்தது என்பதை அது சொல்லாது. வீடியோ எடுப்பதானால் போனைப் பக்கவாட்டில் வைக்காதீர்கள். ஆள்மேல் ஆள் மறைக்கும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்தில், பள்ளிக்கூட மாடிப்படியோ வாட்டர் டேங்க் ஏணியோ கிடைத்தால், கார்னர் கால் இரண்டும் தெளிவாகத் தெரியும். மின்னொளிக் கம்பத்தில் கட்டினால் காற்றுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் ஷிஃப்ட். டிகிரி முடித்த பையன்களில் பாதிப்பேர் ஓசூர் கம்பெனிகளில், மீதி பெங்களூரில். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். லெஃப்ட் கார்னர் பகல் ஷிஃப்டில், லெஃப்ட் இன் இரவு ஷிஃப்டில் என்றால் அந்த ஜோடி மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைதான் சேர்ந்து நிற்கும். செயின் போடுவது கைகோத்து நிற்பது மட்டும் கிடையாது. ஒருவன் பாய்வதற்கு முன் அடுத்தவன் விரலில் கொடுக்கும் அழுத்தம் அது. மாதம் நான்கு நாளில் அது வராது. ஆகவே திறமையைப் பார்த்து மட்டும் ஜோடி போடாதீர்கள். ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே ஷிஃப்ட்காரர்களைக் கார்னர், இன் என்று ஜோடியாக நிறுத்துங்கள். கொஞ்சம் சுமாரான ஜோடி தினமும் சேர்ந்து பழகினால், சேராத நல்ல ஜோடியைவிட மேல். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவனுக்கு அன்று முழு மோதல் கிடையாது. தூக்கம் கெட்ட உடம்பில் கால் தாமதமாக வரும், கணுக்கால் மடங்கும்.

பெண்கள் அணியை எடுப்பவர்கள் ஆண்கள் களத்திலேயே பழக்குகிறார்கள். இது தப்பு. பெண்கள் களம் 12க்கு 8 மீட்டர். பாக் லைன் 3 மீட்டரில், போனஸ் 4 மீட்டரில், கடைசிக் கோடு 6 மீட்டரில். இரண்டு ஓரத்திலும் இருக்கும் லாபிப் பட்டைகள் போனால் அகலம் ஆறு மீட்டர்தான். கார்னருக்கும் கார்னருக்கும் இடைவெளி குறைவு, போனஸ் லைனுக்குப் பின்னால் இடம் அதிகம். ஆண்கள் களத்தில் பழகிய பெண்கள், போட்டி அன்று கடைசிக் கோடு தள்ளியிருப்பதாக நினைத்து அரை மீட்டர் பின்னால் போய் வெளியே காலை வைத்துவிடுவார்கள். சுண்ணாம்புக் கோடு போட ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

களம். நம் செம்மண்ணில் சரளை அதிகம். அப்படியே ஆடினால் முட்டியும் முழங்கையும் தோல் உரியும். சலித்த மண்ணை அரை அடி கனத்துக்குப் போட வேண்டும். 13க்கு 10 மீட்டர் களத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 19.5 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழு யூனிட், ஏழு டிராக்டர் லோடு. சுற்றி ஒரு மீட்டர் சேர்த்தால் ஒன்பதரை. மரத்தூளும் மக்கிய சாண எருவும் கலந்தால் மண் இறுகாது. தண்ணீர் முந்தின நாள் சாயங்காலமே தெளித்துவிட வேண்டும், 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். காலையில் தெளித்தால் மேலே சேறு, கீழே கல்.

மேட் வேறு சங்கதி. ஒரு மீட்டர் சதுர அட்டை 130 வேண்டும், சுற்றி ஒரு மீட்டர் விட்டால் 180. மண்ணில் கால் சறுக்கிக்கொண்டு போகும், மேட்டில் கால் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலேயே வளர்ந்த பையன் மேட்டில் டோ டச் போட்டுத் திரும்பும்போது பாதம் அங்கேயே நிற்கும், முட்டி மட்டும் திரும்பும். பல்கலைக்கழகப் போட்டிக்கு முன் பத்து நாளாவது மேட்டில், மேட் ஷூவோடு ஆட வையுங்கள். ஊரில் மேட் இல்லையென்றால் மாவட்ட ஸ்டேடியத்திலோ பக்கத்துக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள். மேட்டில் தூசி இருந்தால் இதற்கு நேர் எதிர்: பனிக்கட்டி மாதிரி வழுக்கும். ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடைத்துக் காய விட வேண்டும்.

முட்டியில் "டக்" என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், எலும்பு டாக்டரிடம் போங்கள். நழுவிய விரலையும் தோளையும் மைதானத்தில் யாரும் இழுத்துவிடக் கூடாது. தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் தடுமாறியவன் "ஒண்ணுமில்லண்ணா" என்றாலும் அன்று உட்கார வேண்டியதுதான். ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம். ஜூஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

எடைக்கு வருவோம். சீனியர் ஆண்கள் 85 கிலோ, பெண்கள் 75. எடை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ரெயின்கோட் மாட்டி ஓடி மூன்று கிலோ இறக்குகிறவன், இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்காருவான். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. களியை நிறுத்தச் சொல்லாதீர்கள், களியும் கொள்ளுக் குழம்பும் எந்தப் பையனையும் கெடுத்ததில்லை. பயிற்சி முடிந்து பஸ் ஸ்டாண்டில் சால்னா ஊற்றித் தின்னும் பரோட்டாதான் எதிரி.

கடைசியாகக் காகிதங்கள். இங்கேதான் வருடங்கள் வீணாகின்றன. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வேலை ஒரு பாதை, அதற்கு இரண்டு வருட பி.பி.எட். போன்ற உடற்கல்விப் படிப்பு வேண்டும். கோச் வேலை இன்னொரு பாதை, அதற்கு 1961இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின், அதாவது என்.ஐ.எஸ்.ஸின், ஒரு வருட டிப்ளமோ. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு "என்.ஐ.எஸ். கோச்" என்று ஃபிளெக்ஸ் அடிப்பவர்கள் உண்டு, டிப்ளமோ கேட்கும் இடத்தில் அது செல்லாது. கற்றுக்கொள்ள நல்ல படிப்புதான், அதை அப்படியே எடுத்துக்கொண்டால் சரி. ரெஃப்ரி தேர்வும் எழுதிவிடுங்கள். சட்டப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்க வைக்க அதைவிட வேறு வழியில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை, கல்லூரியில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய சான்று. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையே ஆடியது மட்டும் போதாது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி வேறு பல்கலைக்கழகங்களோடு ஆடியிருந்தால்தான் மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கும் படிவம்-3 கிடைக்கும். அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். போட்டி முடிந்த அதே மாதம் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் அதிகாரி மாறியிருப்பார், பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும். பெயர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதில் இனிஷியல் பின்னால் என்றால் இதிலும் பின்னால். அங்கே ஒற்றை எழுத்து, இங்கே அப்பா பெயர் முழுதாக என்றால் சரிபார்ப்பு அன்று உங்களைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். வாங்கியபின் நான்கு நகல் எடுத்து வையுங்கள். லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். மூலத்தில் முத்திரையையும் மையையும் உற்றுப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக்குக்கு அடியில் அது தெரியாது.